வீதியோர நினைவுப் பலகைகள்: அவை யாருடைய கதையைச் சொல்கின்றன?



பஸ்ஸிலும் சைக்கிளிலும் போகும்போது வீதியோரத்தில் நிற்கும் கற்களையும் பலகைகளையும் நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். பாலத்தின் சுவரிலே ஓர் ஆண்டு. கிணற்றுக் கட்டிலே ஒரு பெயர். மடத்தின் முகப்பிலே அதைக் கட்டுவித்தவரின் பெயர். சந்தியிலே ஒரு சிலை. அவற்றை நின்று வாசிப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஓர் ஊர் யாரை மதிக்கிறது, எதை நினைவில் வைத்திருக்கிறது, எதை மறக்க விரும்புகிறது என்பதை அறிவதற்கு அக்கற்களைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. இவ்வாரம் அவற்றைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கல் நாட்டும் வழக்கம்

வழியிலே கல் நாட்டி நினைவைக் காப்பது மிகப் பழைய வழக்கம். யோசுவா நூலின் நாலாம் அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு இது தெரியும். யோர்தானைக் கடந்த இஸ்ராயேல் மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். பின்வரும் காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு காரணம் கேட்கவேண்டும், பெற்றோர் நடந்ததை எடுத்துச் சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கேள்வியை எழுப்புவது கல்லின் வேலை. பதில் சொல்வது தாய் தந்தையின் கடமை. இந்த ஒழுங்கை நாம் மனத்திற் கொள்வோமாக.

தமிழ் மக்களிடத்திலும் இவ்வழக்கம் வேரூன்றி இருந்தது. போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று சில சொற்களிலேயே மூன்று செய்திகளைத் தருகிறது: இறந்தவனின் பெயர், ஊர், ஆநிரை கவர்ந்த பூசலில் அவன் மாண்டான் என்பது. யார், எங்கே, எதனால் என்ற மூன்று கேள்விகளுக்கும் அக்கல் விடை தந்துவிடுகிறது. இன்றைக்கு ஒரு நினைவுப் பலகை எழுதுவோரும் இதைவிடச் சிறந்த இலக்கணம் தேடவேண்டியதில்லை.

நமது ஊர்களிலே வழியோரத்தில் நின்ற சுமைதாங்கிகளை முதியோர் நன்கு அறிவர். தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர் பிறர் உதவியின்றி சுமையை இறக்கிவைத்து இளைப்பாறும் கல் அது. அதன் அருகே மாடுகள் உடம்பை உரஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். கருவுற்ற நிலையில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டுவது யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வழக்கமாயிருந்தது. அவள் இறக்கி வைக்கமுடியாமற் போன சுமையை நினைத்து, வழிப்போக்கரின் சுமையை இறக்க ஒரு கல்லை உறவினர் நாட்டினர். அரசனோ வீரனோ அல்லாத, ஊருக்கு வெளியே எவரும் அறியாத ஒரு பெண்ணுக்கு எழுந்த நினைவுச் சின்னம் இது. வீதிகளை அகட்டும்போது இத்தகைய கற்கள் பல பிடுங்கப்பட்டன. கல் போனபோது அவளுடைய பெயரும் போய்விட்டது.

காரில் போகிறவர்களுக்கு ஒரு பலகை

மோட்டார்க் கார் வந்த பின்னர் வீதியோர நினைவுச் சின்னம் புதிய வடிவம் எடுத்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வேர்ஜீனியா மாநிலம் 1927ஆம் ஆண்டில் பெருந்தெருவோரத்தில் வரலாற்றுப் பலகைகளை நாட்டத் தொடங்கியது. காரில் போகிறவர் வாசிக்கத்தக்கதாக உலோகப் பலகையில் எடுப்பான எழுத்துகளில் ஒரு தலைப்பும் சில வரிச் செய்தியும் பொறித்து, உயர்ந்த தூணிலே பொருத்தினர். மற்றைய மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின. வேர்ஜீனியாவில் மட்டும் இன்று 2,600க்கு மேற்பட்ட பலகைகள் உள்ளன.

முயற்சி நல்லதே. ஆனால் அந்த முதற் பலகைகள் யாரைப் பற்றிப் பேசின? பெரும்பாலும் போர்க்களங்களையும் படைத்தளபதிகளையும் பெருந்தோட்ட முதலாளிகளின் மாளிகைகளையும் பற்றியே பேசின. அத்தோட்டங்களிலே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களைப் பற்றியும், அந்நிலத்தின் ஆதிக்குடிகளைப் பற்றியும், பெண்களைப் பற்றியும் சொன்னது மிகச் சொற்பம். பலகையில் இருந்தது பொய் என்று சொல்வதற்கில்லை; ஆயினும் விடுபட்டது பெரிது. ஒரு வீதி முழுவதும் ஒரு சாராரின் பெயர்களே நின்றால், மற்றவர்கள் அங்கே வாழவே இல்லை என்று வளரும் பிள்ளை எண்ணிக்கொள்ளும். பிற்காலத்தில் வேர்ஜீனியா இக்குறையை உணர்ந்து, விடுபட்டவர்களுக்கும் பலகைகள் நாட்டி வருகிறது.

ஒரு பலகை எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளங்கிக்கொள்ள, அதே நாட்டின் தெற்கிலுள்ள மிசிசிப்பி மாநிலத்துக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

பதினான்கு வயதுப் பையன்

எமற் ரில் என்பவன் சிக்காகோ நகரில் 1941 யூலை 25இல் பிறந்த கறுப்பினச் சிறுவன். 1955 ஓகஸ்ட் மாதம், பாடசாலை விடுமுறையில், தாயின் மாமன் முறையான மோசஸ் றைற் என்பவரின் வீட்டுக்கு மிசிசிப்பி சென்றான். அக்காலத்தில் அம்மாநிலத்திலே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பாடசாலை வேறு, பஸ்ஸில் ஆசனம் வேறு, நீதியும் வேறாக இருந்தது. மணி என்ற சிற்றூரில் ஒரு மளிகைக் கடைக்குச் சென்ற எமற், கடைக்கார வெள்ளையரின் மனைவியைப் பார்த்துச் சீட்டி அடித்தான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம்.

ஓகஸ்ட் 28ஆம் தேதி, விடியுமுன், கடைக்காரர் றோய் பிரையன்ரும் அவருடைய சகோதர உறவினர் மைலமும் மோசஸ் றைற்றின் வீட்டுக்கு வந்து சிறுவனை இழுத்துச் சென்றனர். அவனை அடித்து, சுட்டுக் கொன்று, பருத்தி ஆலையில் பாவிக்கும் கனமான இரும்பு விசிறியை முள்ளுக்கம்பியால் கழுத்திலே கட்டி ஆற்றில் எறிந்தார்கள். மூன்று நாட்களின் பின் ரலகாச்சி ஆற்றில் உடல் மிதந்தது. முகத்தை அடையாளம் காண முடியவில்லை. விரலிலிருந்த மோதிரமே அவன் யாரென்று காட்டியது.

தாய் மேமி ரில், மகனின் உடலைச் சிக்காகோவுக்கு வரவழைத்தார். சவப்பெட்டியை மூடியபடியே புதைத்துவிடவேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு அவர் இணங்கவில்லை. தம் பிள்ளைக்குச் செய்யப்பட்டதை உலகம் காணட்டும் என்று பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்தனர். அப்படம் கறுப்பின மக்களின் பத்திரிகைகளில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. பிள்ளையை இழந்த தாய்க்கு அழுவதற்கு உரிமை உண்டு, ஒளித்து அழுவதற்கும் உரிமை உண்டு. இத்தாயோ தம் துயரத்தையே சாட்சியமாக்கினார்.

செப்டெம்பர் மாதம் சம்னர் என்ற ஊரின் நீதிமன்றத்தில் வழக்கு நடைபெற்றது. யூரிமார் 12 பேரும் வெள்ளையர், ஆண்கள். தள்ளாத வயதை நெருங்கிக்கொண்டிருந்த மோசஸ் றைற் சாட்சிக்கூண்டில் எழுந்து நின்று, பையனைக் கொண்டுபோனவர்களை விரல் நீட்டிக் காட்டினார். அவ்விடத்தில், அக்காலத்தில், ஒரு கறுப்பர் அவ்வாறு செய்வது உயிரைப் பணயம் வைப்பதாகும். செப்டெம்பர் 23ஆம் தேதி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் மட்டும் ஆலோசித்த யூரிமார், இருவரும் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்ப்பளித்தனர். மோசஸ் றைற் ஊரைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு முறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மீண்டும் விசாரிக்கச் சட்டம் இடங்கொடாது. ஆகவே 1956 ஜனவரியில் அவ்விருவரும் பணம் பெற்றுக்கொண்டு, தாமே கொன்றதாக ஒரு சஞ்சிகைக்குக் கதை சொன்னார்கள்.

ஐம்பது ஆண்டு மௌனம்

இக்கொலை அமெரிக்காவின் குடியுரிமை இயக்கத்துக்குத் தீ மூட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. ஆயினும், அது நடந்த மிசிசிப்பியின் வீதிகளில் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக அவன் பெயரைச் சொல்லும் ஒரு பலகைகூட இல்லை. அம்மாநிலத்தில் பலகை நாட்டும் பழக்கம் இல்லாமையால் அல்ல. 1949 முதலே அங்கு அரசினர் வரலாற்றுப் பலகைகளை நாட்டிவந்தார்கள். சம்னர் நீதிமன்ற முற்றத்திலும் ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. அது அடிமை முறையைக் கைவிடாத தென்மாநிலப் படையின் வீரர்களுக்காக 1913இல் எழுப்பப்பட்டது. நினைவு இருந்தது, எமற் ரில்லுக்கு மட்டும் அதில் இடமில்லை.

2005இல் முதன்முதலாக ஒரு பெருந்தெருவின் பகுதிக்கு அவன் பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அம்மாவட்டத்தின் கறுப்பரும் வெள்ளையரும் கூடி ஒரு குழுவை அமைத்தனர். 2007 ஒக்டோபர் 2ஆம் தேதி, அதே நீதிமன்றத்தின் முன்னால், ரில் குடும்பத்தினர் நிற்க, அவ்வூரார் தங்கள் தவறை வெளிப்படையாக அறிக்கையிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். மேமி ரில் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 2003 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

2008இல் கொலையோடு தொடர்புபட்ட இடங்களில் பலகைகள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று, உடல் கரையேற்றப்பட்டதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் நின்றது. அந்தப் பலகைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

முதற் பலகை அதே ஆண்டில் களவுபோயிற்று. இரண்டாவதை நாட்டினார்கள், இருளிலே வந்தவர்கள் அதைச் சுட்டார்கள், மீண்டும் மீண்டும் சுட்டார்கள். அதிலே 300க்கு மேற்பட்ட துளைகள் விழுந்தன. 2018 யூனில் மூன்றாவது பலகை நாட்டப்பட்டது. 35 நாட்களில் அதுவும் சுடப்பட்டது. பல்கலைக்கழக மாணவர் மூவர் அப்பலகையின் அருகே துப்பாக்கிகளுடன் நின்று சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம் 2019இல் வெளியாகி நாட்டை வெட்கப்பட வைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாலாவது பலகை நாட்டப்பட்டது. அது 225 கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடையது. குண்டு துளைக்காத உருக்கினால் செய்யப்பட்டது. துளைபட்ட இரண்டாவது பலகை 2021இல் தலைநகர் வாஷிங்டனின் தேசிய நூதனசாலையிலே காட்சிக்கு வைக்கப்பட்டது. 2023 யூலை 25ஆம் தேதி, எமற் ரில் பிறந்து 82 ஆண்டுகள் நிறைந்த அன்று, ஆற்றங்கரையும் சம்னர் நீதிமன்றமும் அவனுக்கு இறுதி வழிபாடு நடந்த சிக்காகோ ஆலயமும் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன.

வாசகர்களே, இறந்து 50 ஆண்டுகளுக்கு மேலான ஒரு சிறுவனின் பெயரைக் கண்டு துப்பாக்கி எடுப்பானேன்? பலகை யாரையும் அடிப்பதில்லை, யாரிடமும் எதையும் பறிப்பதில்லை. அது செய்வதெல்லாம் ஒன்றே: இங்கே இது நடந்தது என்று சொல்கிறது. அதைத்தான் சிலராற் பொறுக்க முடிவதில்லை.

நாம் படிக்கவேண்டிய பாடங்கள்

1. வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'இறந்தார்' என்பது ஒன்று. 'கொல்லப்பட்டார்' என்பது வேறொன்று. 'இன்னார் கொன்றார்' என்பது இன்னொன்று. மூன்றும் இலக்கணப்படி சரியே. ஆனால் முதலாவது வாக்கியத்தில் குற்றமே இல்லை. இரண்டாவதில் குற்றம் உண்டு, குற்றவாளி இல்லை. மூன்றாவதே முழு உண்மை. நினைவுக் கல்லை வாசிக்கும்போது, அதன் வாக்கியத்திலே எழுவாய் எங்கே போயிற்று என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்குங்கள்.

2. இடமும் செய்தியும் சரிபார்க்கப்பட வேண்டும். கொலையாளிகள் சஞ்சிகைக்குச் சொன்ன கதையில், உண்மையாகக் கொலை நடந்த களஞ்சியக் கொட்டிலும் உடனிருந்த மற்றவர்களும் மறைக்கப்பட்டிருந்தார்கள். அக்கதையை நம்பிய பலர் நெடுங்காலம் அதையே எழுதிவந்தார்கள். ஆகையால் அக்கொட்டில் பல ஆண்டுகளாக வரலாற்றிலிருந்தே மறைந்து போயிற்று. நல்ல எண்ணத்தோடு நாட்டிய கல்லிலும் பிழை இருக்கலாம். வேர்ஜீனியாவில் இன்று புதிய பலகையின் செலவை அதை வேண்டுவோர் ஏற்கிறார்கள். வாசகத்தையோ வரலாற்றுத் திணைக்களத்தார் ஆராய்ந்து சரிபார்த்த பின்பே பொறிக்கவிடுகிறார்கள். பணம் கொடுப்பவரே வரலாற்றையும் எழுதிவிடாமல் தடுக்க இது ஏற்ற வழி.

3. பெயர் இல்லாதவர்களைத் தேடுங்கள். ஆலயத்துக்கோ பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கல் நாட்டும்போது, திறந்துவைத்த பெரியவரின் பெயரும் நன்கொடையாளரின் பெயரும் தவறாமல் இடம்பெறும். சுண்ணாம்புக்கல் உடைத்தவர், பனைமரம் சுமந்தவர், கிணறு வெட்டியவர், வாரந்தோறும் பிடியரிசி சேர்த்த தாய்மார் ஆகியோரின் பெயர் வருவது அரிது. சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டவரின் உழைப்பு எத்தனை சுவர்களுக்குள் பெயரின்றி இருக்கிறது என்பதை நம் மனச்சாட்சியே அறியும்.

4. நம்முடைய துன்பத்தைப் போலவே நம்முடைய தவறும் நினைவிருக்க வேண்டும். இதுவே கடினமான பாடம்.

நினைவை அழிக்கும் கை எப்படிப்பட்டது என்பதை நாம் நன்கறிவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்காக எழுப்பப்பட்ட நினைவுத் தூபி 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவில் இடித்துத் தள்ளப்பட்டதும், மக்களின் எதிர்ப்பின் பின் அதே ஆண்டில் மீளக் கட்டப்பட்டதும் நம் கண்முன்னே நடந்தவை. 1995 யூலை 9ஆம் தேதி நவாலி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களின் பெயர்களைச் சொல்லி மன்றாட நமக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமையை எவர் பறிக்க வந்தாலும் அது அநீதியே.

அதே நாவினால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள், நம் அயலவர்கள், விடுதலைப் புலிகளால் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலே அவர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரமே. வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுவிட்டுக் கையிற் கிடைத்ததோடு புறப்பட்டார்கள். அந்த வீதிகளால் நம் பிள்ளைகளோடு போகும்போது இதைச் சொல்கிறோமா? அல்லது சோனக தெருவின் வெறுமையான வீடுகளுக்கும் போர்தான் காரணம் என்று பொதுப்படச் சொல்லி, எழுவாயை விட்டுவிடுகிறோமா?

சம்னர் ஊரார் 2007இல் செய்தது இதுதான். கொலை செய்தவர்கள் அப்போது உயிரோடு இல்லை. மன்னிப்புக் கேட்டவர்களிற் பலர் 1955இல் சிறு பிள்ளைகள், சிலர் பிறக்கவே இல்லை. நாம் செய்யவில்லையே என்று ஒதுங்கியிருக்கலாம். ஆனால், இது எங்கள் ஊரில், எங்கள் நீதிமன்றத்தில், எங்கள் மௌனத்தோடு நடந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். அவ்வாறு ஒப்புக்கொண்ட ஊரின் வார்த்தைக்குத்தான் மதிப்பு உண்டு. தன் காயத்தை மட்டும் காட்டுகிறவனின் சாட்சியத்தை உலகம் பாதியே நம்பும். தான் பிறருக்குச் செய்த காயத்தையும் சொல்கிறவனின் சாட்சியத்தை மறுக்க எவராலும் முடியாது.

குடும்பத்தில் செய்வதற்கு

விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளோடு உங்கள் ஊரைச் சுற்றி நடந்து வாருங்கள். பின்வருவனவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

(அ) வழியிற் காணும் கற்கள், பலகைகள், சிலைகள் எத்தனை? ஒவ்வொன்றிலும் உள்ள பெயர், ஆண்டு, வாசகம் ஆகியவற்றை உள்ளபடியே பார்த்தெழுதுக. எழுத்துத் தேய்ந்திருந்தால் விளக்குமாற்றால் மெதுவாகத் துடைத்து வாசிக்கலாம், சுரண்டலாகாது.

(ஆ) அப்பெயர்களில் ஆண்கள் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? செல்வர் எத்தனை பேர்? தொழிலாளர் எத்தனை பேர்?

(இ) சுமைதாங்கி, ஆவுரஞ்சி, மடம், பொதுக்கிணறு முதலியன முன்பு எங்கே இருந்தன? அவை யாருடைய நினைவாகக் கட்டப்பட்டன? இதை 80 வயதைக் கடந்த ஒருவரிடம் கேட்டெழுதுக. அவர் சொன்ன நாளையும் குறித்து வைக்குக.

(ஈ) உங்கள் ஊரில் கல் இல்லாத, ஆனால் கல் இருக்கவேண்டிய ஓர் இடம் எது? அங்கே நடந்ததை, யார், எங்கே, எதனால் என்ற மூன்றும் அடங்க, 30 சொற்களுக்குள் எழுதுக. எழுவாயை மறைக்கலாகாது.

நாலாவது கேள்விக்கு வீட்டிலுள்ளோர் எல்லோரும் ஒரே பதிலை எழுதமாட்டார்கள். தகப்பன் ஒன்றையும், தாய் ஒன்றையும், பேத்தியார் இன்னொன்றையும் எழுதுவார்கள். இராச் சாப்பாட்டின்பின் அவற்றை உரத்து வாசித்து, ஒருவரையொருவர் கேளுங்கள். பிள்ளை ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள்; வயதுக்கு ஏற்றபடி உண்மையைச் சொல்லுங்கள். கல் நாட்டுவதற்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டும், பணம் வேண்டும், காலமும் கனிய வேண்டும். பிள்ளைக்கு நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு இவற்றில் எதுவும் வேண்டியதில்லை. அதை இன்றிரவே தொடங்கலாம்.